காரியம் முடிந்த பிள்ளை

நான் பிறந்த குப்பம் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. பழவேற்காட்டு ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மணல்மேட்டின் மேல் அது இருந்தது. முன்வாசலில் கடல், பின்வாசலில் ஏரி. தெற்கே திரும்பினால் ஒல்லாந்தர் கோட்டையின் கொடிமரம் தெரியும். விடியும்போது கோட்டையில் ஒரு பீரங்கி வெடிக்கும். எங்கள் கோழிகள்கூட அதற்குப் பிறகுதான் கூவும்.

எனக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. கார்த்திகை மாதம். மூன்று நாளாக வாடைக்காற்று விடாமல் அடித்ததால் யாரும் கட்டுமரத்தைக் கடலில் தள்ளவில்லை. அன்று காலையில் கடல் கறுத்து, ஏதோ அடியில் கிடந்து உறுமுவது போலச் சத்தம் போட்டது. மத்தியானத்துக்குள் முதல் அலை குடிசைகளுக்குள் வந்துவிட்டது.

நைனா என்னைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் கட்டுமரத்தின் மேல் குப்புறப் படுக்கவைத்தார். வலைக்கயிற்றால் இடுப்பிலும் தோளிலும் சுற்றி மரத்தோடு சேர்த்துக் கட்டினார்.

"கயித்த வுடாதே. இன்னா ஆனாலும் வுடாதே. அம்மாவையும் தம்பியையும் இட்டுனு வந்துர்றேன்."

அவர் குடிசைப் பக்கம் ஓடினார். அவர் முதுகில் மழை தெறித்தது என் கண்ணில் இன்னும் இருக்கிறது. அம்மா வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் மூவரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தேன். பிறகு ஒரு தண்ணீர்ச் சுவர் வந்தது. அது விழவில்லை, நின்றபடியே நடந்து வந்தது. அவ்வளவு பெரிய ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பயம் வருவதற்கு முன்னால் வாய்பிளந்து பார்த்தேன் என்பதுதான் உண்மை.

கட்டுமரம் மணல்மேட்டைத் தாண்டி ஏரிக்குள் விழுந்தது. காற்று திடீரென்று நின்றது, பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. அது என்னை வடக்கே, வடக்கே என்று தள்ளிக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கயிற்றை மட்டும் விடவில்லை.

கண் விழித்தபோது கட்டுமரம் ஒரு மணல்மேட்டில் சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். அந்த மேடு மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நான் தனியாக இல்லை. ஒரு நரி, காதை மடக்கிக்கொண்ட முயல்கள், இரண்டு உடும்புகள், ஈரத்தில் சுருண்ட பாம்புகள், கால் நடுங்க நின்ற ஒரு மான்குட்டி. நரி எட்டினால் முயலைப் பிடித்துவிடும். பிடிக்கவில்லை. பாம்பு என் பாதத்தை உரசிக்கொண்டு ஊர்ந்துபோய் வேறிடத்தில் சுருண்டுகொண்டது. அன்று அந்த மேட்டில் யாருக்கும் பசி இல்லை, யாருக்கும் பகையும் இல்லை. எல்லோரும் ஒரே திசையில், வடிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றோம். கோயிலில் கூடி நிற்பது போல இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் முதலில் முயல்கள் போயின. கொஞ்ச நேரம் கழித்து நரி போனது. கடைசியில் நான் மட்டும் முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன்.

அது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் காட்டுத்தீவு. விறகு வெட்டவும் பிரம்பு அறுக்கவும் ஆட்கள் வந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் யாரும் அங்கே கால் வைத்ததில்லை. தாழம்புதரும் ஈச்சையும் நாவலும் பின்னிக்கொண்டு, உள்ளே வெளிச்சமே பச்சையாக இருந்தது.

முதல் நாட்களில் பள்ளங்களில் தேங்கிய மழைத் தண்ணீரைக் குடித்தேன். ஏரிச் சேற்றில் காலால் துழாவி மட்டி எடுக்க எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஒன்றை இன்னொன்றால் உடைத்துப் பச்சையாகவே தின்றேன். கரையில் முளைத்த உமரிக்கீரையை மென்றால் உப்புக் கரித்தது, ஆனால் வயிறு அடங்கியது. ஒரு பெரிய நாவல்மரத்தில் கிளை பிரியும் இடத்தில் ஈச்ச மட்டைகளைத் திணித்து, அதில் படுத்தேன்.

நெருப்பு மட்டும் இல்லை. மழையில் நனைந்து உட்கார்ந்திருக்கும்போது, அம்மா அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதும் சத்தம் காதில் கேட்கும். கேட்ட பக்கம் திரும்பினால் வெறும் மரங்கள் நிற்கும்.

மார்கழியில் மழை நின்றது. பள்ளங்கள் வற்றின, மிஞ்சியது கரிக்க ஆரம்பித்தது. உதடு வெடித்து, நாக்கு மரக்கட்டை போலாகி, தாழைநிழலில் கிடந்தேன். அப்போது அந்த நரி வந்தது, அல்லது வேறொன்று. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மேட்டின் அடிவாரத்தில் முன்கால்களால் மணலைப் பறித்தது. தலை மறையும் அளவுக்குப் பறித்து, உள்ளே நக்கும் சத்தம் கேட்டது. அது போனதும் தவழ்ந்துபோய்ப் பார்த்தேன். குழியில் தெளிந்த தண்ணீர் ஊறியிருந்தது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு கைப்பள்ளத்தில் இளநீர் போல இனிப்பு. அதைக் குடித்துவிட்டு, அந்தக் குழியை விழுந்து கும்பிட்டேன். யாரைக் கும்பிடுகிறேன் என்று யோசிக்கவில்லை.

அதே மாதத்தில்தான் பூநாரைகள் வந்தன. நைனாவின் தோணியிலிருந்து தூரத்தில் ஒரு வெளிர்க்கோடாக அவற்றைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு காலையில் மட்டி எடுக்க இறங்கினால், முழங்கால் தண்ணீர் முழுக்க அவைதான். ஏரியே தெரியவில்லை. நான் அசைந்ததும் முன்வரிசை எழும்பியது; வெள்ளை இறக்கைகள் விரிய, உள்ளே ஒளிந்திருந்த செம்பருத்திச் சிவப்பு ஒரே சமயத்தில் வெளியே வந்தது. வானம் தீப்பிடித்தது போல் இருந்தது. மட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

நாள்தோறும் அதே இடத்தில் குனிந்து நின்றதால் என்னையும் அவை கொக்கு, நாரை கணக்கில் சேர்த்துக்கொண்டனவோ என்னவோ, பறப்பதை நிறுத்திவிட்டன. அவை தலைகீழாக அலகை வைத்துச் சேற்றைக் கலக்கிக்கொண்டே போகும். கலங்கிய தண்ணீரில் இறால்கள் துள்ளும். நான் பின்னாலேயே போய் இரு கையாலும் அள்ளுவேன். என் தலைக்கு மேலே அவற்றின் வயிறுகள், என்னைச் சுற்றி அவற்றின் கால்கள், ஒரு செங்கால் காட்டுக்குள் நடப்பது போல. ஓயாத ஒரு முனகல் பேச்சு அவற்றுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டு நானும் முனகுவேன். மனிதப் பேச்சு மறந்துவிடக்கூடாது என்று தினமும் சாயங்காலம் மட்டும் மரத்தடியில் நின்று, "அம்மா, நைனா, தம்பி" என்று உரக்கச் சொல்வேன்.

தெற்கிலிருந்து காற்று வீசும் காலைகளில் கோட்டைப் பீரங்கிச் சத்தம் மெல்லக் கேட்கும். அந்தத் திசையில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அதைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க நடந்தேன். கடைசியில் ஓர் ஓடை குறுக்கே வந்தது; அகலம், ஆழம், உள்ளே இழுப்பு. நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு முறை கடற்கரைப் பக்கம் போனபோது ஒல்லாந்தர் கப்பல்கள் இரண்டு போய்க்கொண்டிருந்தன. கூப்பிட வாயெடுத்தேன். வெயில் பட்டுப் பாய்கள் ஒவ்வொன்றாக உப்பின. வீடு வீடாக அடுக்கி வைத்தது போன்ற அவ்வளவு பெரிய ஒன்று, சத்தமே இல்லாமல் காற்றில் நகர்ந்தது. கத்த வேண்டும் என்ற நினைவு வந்தபோது அவை புள்ளிகளாகிவிட்டன.

மாசியில் ஒரு விடியலில், கடற்கரை மணலில் படகு இழுத்தது போன்ற தடங்கள். தடத்தின் முடிவில் ஓர் ஆமை, குழியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அதன் கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. கடைசி முட்டை விழுந்ததும் பின்கால்களால் மணலை மூடி, தன் முழு உடம்பையும் தூக்கித் தூக்கிப் போட்டு அந்த இடத்தை அமுக்கியது. பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது. எனக்குப் பசிதான். இருந்தாலும் அந்தக் குழியைத் தோண்டக் கை வரவில்லை. வேறொரு குழியைத் தேடித் தோண்டித் தின்றேன். அந்த ஆமை மூடிவிட்டுப் போன பிள்ளைகளுக்கு அம்மா போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது என்று அன்று நினைத்தேன்.

வெயில்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், மரங்களுக்கு மேலே புகை கண்டேன். புகை என்றால் அடுப்பு. முள்ளில் கிழிபட ஓடினேன். கிட்டே நெருங்கும்போது ஒரு குழந்தையின் குரல் கேட்டது.

"நைனா! நைனா!"

என் குரல்தான் முன்னால் ஓடிப்போய் அவரைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். "நைனா!" என்று நானும் கத்திக்கொண்டு புதரைத் தாண்டி விழுந்தேன்.

தேன் வழியும் அடையைக் கையில் வைத்திருந்த ஓர் ஆள் திரும்பினார். மெலிந்த, கறுத்த, சுருண்ட முடிக்காரர். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். அவருடைய பெண். அவர் அவளுக்கு நைனா.

குப்பம் போன நாளிலிருந்து நான் அழுததில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆள் பயந்துபோய்ப் பின்வாங்கினார். கிழங்கு தோண்டும் குச்சியோடு அவர் மனைவி வந்தாள். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். குனிந்து என் பாதங்களைத் தொட்டாள். பேய்க்குப் பாதம் உண்டா என்று பார்த்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிறகு என் கையைப் பிடித்து, நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

"தினு," என்றாள். சுட்ட கிழங்கு. சூடு நாக்கில் பட்டதும் அடுத்த கிழங்குக்குக் கை நீட்டினேன்.

அவர்கள் யானாதிகள், அந்தக் காட்டின் ஜனங்கள். அவர்கள் பேசியது தெலுங்கு. வடக்கே இருந்து கருவாடு வாங்க வருகிறவர்கள் பேசுவதை எங்கள் குப்பத்தில் கேட்டிருக்கிறேன் என்பதால் பாதி புரிந்தது. அவளை நான் அக்கா என்றேன். நைனாவைப் போல அந்தச் சொல்லும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவருடைய பெண் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். எனக்கு ஏதாவது தரும்போது பெயர் சொல்லாமல், விரலால் என் தோளை மெதுவாகத் தட்டுவார்.

கோடை முழுக்க அவர்களோடு இருந்தேன். நல்ல நாட்கள்தான். ஆனால் மாலையில் அவர்கள் மூவரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும்போது, சிரிப்பு முடிந்த பிறகுதான் அவர்கள் பேசிய தெலுங்கு எனக்கு விளங்கும். நான் சிரிக்கும்போது அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் நான் எப்போதும் தனியாக இருந்தேன்.

ஆடிக் காற்றில் விறகுப் படகு ஒன்று ஏரிக்கரையில் வந்து நின்றது. கோட்டைக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு விறகு ஏற்ற வந்தது. படகுக்காரர் பழவேற்காட்டுத் துலுக்கத் தெருக்காரர், நரைத்த தாடி. அக்காவோடு தேன் மாற்ற வந்தவர் என்னைப் பார்த்தார். நான் யானாதிப் பெண்போல் இலையும் தழையுமாகத்தான் நின்றேன். அவர் கால் வழுக்கிச் சேற்றில் விழப்போனார்.

"பாத்து! சேறு இழுக்கும்!" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா, தமிழ் பேசறே? நீ யார் வூட்டுப் பொண்ணு?"

வாயில் சொற்கள் வரிசையாக வரவில்லை. "அலை வந்துச்சு. நைனா கயித்த வுடாதேன்னாரு," என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தக் குப்பத்துல ஒரு ஈ காக்கா மிஞ்சலன்னாங்களே, யா அல்லா."

அக்காவுக்கு அவர் தெலுங்கில் விளக்கினார். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், இவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அவருக்குத் தெரியவில்லை. தெரியாத கையில் கொடுக்க மாட்டேன் என்றாள். தன் பெண்ணைப் புருஷனிடம் விட்டுவிட்டு, ஒரு சுரைக்குடுவையில் தேனை ஊற்றிக்கொண்டு, அவளும் படகில் ஏறினாள். காட்டை விட்டு அவள் வெளியே வந்தது அதுதான் முதல்முறை. கோட்டை மதிலைப் பார்த்ததும் என் கையை நசுக்கிவிடுவது போலப் பிடித்தாள். மதிலுக்கு வெளியே நெசவுக்காரர்கள் காயப்போட்டிருந்த சிவப்புத் துணிகள் காற்றில் எழுந்து விழுந்தன. "பூநாரை," என்றேன். அவள் சிரித்தாள். அந்த முறை இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

ஏரியின் தென்கரைக் குப்பத்தில் என் சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. படகுக்காரர் விசாரித்து அங்கே கொண்டுபோனார். நாங்கள் இறங்கியதும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். சித்தி வெளியே வந்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்தது போன்ற முகம். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க அக்கா பொண்ணுதான். கன்னத்து மச்சம் பாரு," என்றாள். ஆனால் கிட்டே வரவில்லை.

குப்பத்து நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், தலையைச் சொறிந்தார். "நாலு பேருக்கும் சேத்து கரையில காரியம் பண்ணிட்டோமேம்மா. உனக்கும் பிண்டம் வெச்சாச்சு. காரியம் முடிஞ்ச ஆளு வூட்டுக்குள்ள வரக்கூடாதே."

எனக்கு அது புரியவில்லை. நரிகளும் பூநாரைகளும் பக்கத்தில் நிற்க விட்டன; இங்கே என் அம்மாவின் தங்கை பத்தடி தூரத்தில் நிற்கிறாள்.

அம்மன் கோயில் பூசாரி வந்தார். அவர்தான் வழி சொன்னார். "வர்றதுக்கு ஒரு வாசல் கீது. மறுபடியும் பொறந்து வரணும். யாராவது ஒரு பொம்பள பெத்துக்கணும். பெத்துக்கினா அவ புள்ளதான், அப்புறம் அக்கா புள்ளன்னு சொல்லக் கூடாது."

சித்தியும் அந்தக் கார்த்திகையில்தான் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தாள். தண்ணீர் அவள் மடியிலிருந்தே இழுத்துக்கொண்டு போனது. அவள் புருஷன் அவளைப் பார்த்தார். அவள் கீழே பார்த்தாள். மண்ணைக் கால்விரலால் கீறினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்குப் பொறக்கட்டும்," என்றாள்.

"மருத்துவச்சி வேணுமே," என்றார் பூசாரி. குப்பத்து மருத்துவச்சியும் தண்ணீரோடு போயிருந்தாள்.

படகுக்காரர் இதை அக்காவுக்குச் சொன்னார். அவள் தூரத்தில், தோணி நிழலில் குந்தியிருந்தாள். காட்டில் எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கைகளில்தான் வாங்கினேன் என்று கையைக் காட்டினாள். சிலர் முணுமுணுத்தார்கள். சித்தி திரும்பி அவர்களைப் பார்த்தாள்.

"இத்தினி மாசம் இவள காப்பாத்துனது அந்தம்மாதானே? அவ கையாலதான் எனக்குக் குடுக்கணும்."

குடிசைக்குள் சேலையைத் திரையாகக் கட்டினார்கள். சித்தி பாயில் படுத்தாள். நான் அவள் சேலைக்குள் முழங்காலை மடக்கிச் சுருண்டேன். மஞ்சள் வாசம், வியர்வை வாசம், இருட்டு. என் இடுப்பில் ஒரு வலைக்கயிறு. அதன் மறுமுனை சித்தியின் இடுப்பில். சித்தி நிஜமாகவே முனக ஆரம்பித்தாள். முதலில் சடங்குக்காக முனகினாள், பிறகு சடங்குக்காக இல்லை. அவள் வயிறு என் தலையில் குலுங்கியது. வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். அக்கா என் தோள்களைப் பிடித்து வெளியே இழுத்தாள். மஞ்சள்தண்ணீர் என்மேல் விழுந்தது. கயிற்றைச் சங்கின் விளிம்பால் அறுத்தாள்.

"புள்ள அழணும்," என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. நான் பிரமித்துப்போயிருந்தேன். இவ்வளவு பேர் ஒரு குடிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் உலகத்துக்கு வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். கடல் எழுந்து வந்ததைப் பார்த்தவள் நான். அதைவிடவும் இது பெரியதாக இருந்தது. அக்கா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். என்னை இனிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்ததுபோல. அவள்தான் முதலில் அழுதாள். பின்னால் நான் வீறிட்டேன்.

தேனை விரலால் தொட்டு என் நாக்கில் வைத்தாள். பிறகு, கிட்டத்தட்ட அவள் உயரத்தில் பாதி இருந்த என்னைத் தூக்கமுடியாமல் தூக்கி, சித்தியின் மடியில் வைத்தாள். சித்தி என்னை இறுக்கிக்கொண்டதில் மூச்சு முட்டியது. வலையில் தொட்டில் கட்டி அதில் என்னை ஆட்டினார்கள். கால்கள் வெளியே தொங்கின. குப்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்குப் புதுப் பெயர் வைத்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை.

எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. வெகுநாள் கூரைக்குக் கீழே எனக்குத் தூக்கம் வராது. வெளியே தோணியில் போய்ப் படுத்துக்கொள்வேன். சித்தி பாயை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் படுப்பாள். அவளை அம்மா என்று கூப்பிட அடுத்த கார்த்திகை வரை பிடித்தது. அக்காவும் அவள் புருஷனும் தேன் கொண்டுவரும்போதெல்லாம் குப்பத்துக்கு வந்தார்கள், பெண் பெற்ற வீட்டுக்கு மருத்துவச்சி வருவது போல. புது வேட்டியும் சேலையும் கொடுத்து அனுப்புவோம்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. குப்பத்து வழக்கப்படி என் வயது தொட்டிலில் போட்ட நாளிலிருந்துதான். அந்தக் கணக்கில் நான் சின்னப் பெண். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வயசு இன்னா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

என் அம்மா மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என் வயித்துல இவ கொஞ்சம் நெறையவே தங்கிட்டா," என்றாள். "பொறக்கும்போதே ஓடியாடுற புள்ளயா பொறந்தா. நீ வேணா ஊர கேட்டுப் பாரு."

மாப்பிள்ளையின் அம்மா ஊரைப் போய்க் கேட்டாள். ஊர் ஆமாம் என்றது.